சின்னக் கழகங்களுக்கு இரண்டு இடம்

விலகல் முறை என்று ஒன்று இருக்கிறது. தோற்றால் வீட்டுக்குப் போகலாம், அவ்வளவுதான். கேட்க நேர்மையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த முறையை உண்டாக்கியவனுடைய வீடு மைதானத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்திருக்க வேண்டும். இன்டர்லாக்கனிலிருந்து ஞாயிற்றுக்கிழமை முதல் ரயிலைப் பிடித்து, பந்துப் பையையும் தண்ணீர்ப் போத்தல்களையும் மடியில் வைத்துக்கொண்டு வந்து, பெரிய கழகம் ஒன்றிடம் நாலு கோல் வாங்கி, பத்தரை மணிக்கு உங்கள் ஆட்டம் முடிந்தது, போய் வாருங்கள் என்று சொன்னால் மனிதனுக்கு எப்படி இருக்கும்? மிச்சப் பகல் முழுக்க மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு கொத்துரொட்டிக்கு வரிசையில் நிற்க வேண்டும். கொத்துரொட்டி நன்றாகவே இருக்கும். அது இன்னும் எரிச்சலைக் கிளப்பும்.

சுவிஸில் கோடை வந்தால் எங்கள் ஆட்கள் நடத்தும் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிகளைத்தான் சொல்கிறேன். ஊருக்கு ஊர் தமிழர் விளையாட்டுக் கழகங்கள் இருக்கின்றன. பேர்ண், சூரிச் பக்கத்துக் கழகங்கள் பெரியவை. அவற்றுக்கு வயதுக்கொரு அணி, பயிற்சியாளர், வெளியே உட்கார்ந்திருக்க மாற்று ஆட்கள் எல்லாம் உண்டு. எங்கள் கழகம் ஹோட்டல் சமையலறைகளில் பிறந்தது. கோப்பை கழுவுபவன், காலைச் சாப்பாடு வைப்பவன், சலாட் வெட்டுபவன். யாருக்கு எந்த ஞாயிறு வேலை என்பது ஹோட்டல்காரனுக்குத்தான் தெரியும். பதினொரு பேர் சேர்ந்தால் அது எங்களுக்குத் திருவிழா.

நான் நெடுங்காலம் பின்வரிசையில் ஆடினேன். பிறகு முழங்கால் போனது. அறுவைச் சிகிச்சை முடிந்ததும் இனி ஓடக் கூடாது என்று டாக்டர் சொன்னார். ஓடாத மனுஷன் என்ன செய்வான்? வீட்டுக்குள் நடந்தேன். குசினிக்கும் பல்கனிக்கும், பல்கனிக்கும் குசினிக்கும். என் மனைவி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். ஒருநாள் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் நின்று என்னைப் பார்த்தாள்.

"எங்கட இல்லத்திலை தொண்ணூறு வயசு ஆக்கள் இருக்கினம். அவையளைப் பாக்கிறது சுகம். நீங்கள் ஒரு இடத்திலை இருக்க மாட்டியளோ?"

"இருந்தால் கால் இறுகுது."

"கால் இல்லை, உங்களுக்கு மண்டைதான் இறுகுது. எங்கையாவது போய் எதையாவது அடியுங்கோ."

அவள் கோபத்தில் சொன்னதை நான் அப்படியே செய்தேன். ஏரிக்கரையில் உள்ள கோல்ஃப் மைதானத்தின் உணவகத்தில்தான் எனக்குச் சமையல் வேலை. மதியச் சாப்பாடு முடிந்து இரவுச் சாப்பாடு தொடங்கும்வரை சம்பளமில்லாத ஓய்வு ஒன்று உண்டு. சிம்மர்ஸ்டுண்ட என்பார்கள். அந்தக் காலத்தில் வேலைக்காரர்கள் மாடியிலுள்ள தங்கள் அறைக்குப் போய்ப் படுக்கிற நேரம் அது. எனக்குப் பகலில் படுக்க வராது. குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன். அங்கே கோல்ஃப் பழக்கும் சுவிஸ் பெண்மணி, என்னைவிட இளையவர், வேலையாட்களுக்கு நான் ஆக்கும் பருப்புக் கறிக்குப் பழகியவர், ஒருநாள் ஒரு தடியைக் கையில் தந்து பயிற்சித் திடலுக்கு அழைத்துப் போனார்.

பந்து நிலத்தில் அசையாமல் கிடக்கிறது. எதிரில் ஒருவரும் இல்லை. இதை அடிப்பதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். ஓங்கி ஒன்று போட்டேன். பந்து இடது பக்க வேலியைத் தாண்டி ஒரு கமக்காரரின் மாடுகளுக்கு நடுவில் போய் விழுந்தது. இரண்டாவதும் அங்கேதான். ஊரில் மென்பந்து கிரிக்கெட் ஆடி வளர்ந்த கை இது. எதைக் கண்டாலும் லெக் பக்கம் இழுத்துத் தூக்கும். அந்த அம்மாவுக்குக் கிரிக்கெட் என்றால் என்னவென்று தெரியாது. நான் விளக்கப் பார்த்தேன். அதைக் கேட்டு முடிக்க அவருக்குப் பொறுமை இல்லை, எனக்கும் விளக்க ஜெர்மன் போதாது.

"கைகளை விடுங்கள், அது பிறகு" என்றார். "நீங்கள் பந்தை அடிப்பதற்கு முன்பே அது எங்கே போகிறது என்று பார்க்கத் தலையைத் தூக்குகிறீர்கள். தலை தூக்கினால் தோள் திறக்கிறது. தோள் திறந்தால் மாடுகள்தான்."

அந்தச் சின்ன விஷயத்தைத் திருத்த எனக்கு ஒரு பனிக்காலமும் ஒரு வசந்தமும் எடுத்தன. இன்னும் முழுதாகத் திருந்தவில்லை. தடியை மெதுவாகப் பின்னால் எடு, மேலே ஒரு கணம் பொறு, இடுப்பு முதலில் திரும்பட்டும், தலை அங்கேயே இருக்கட்டும். சொல்ல எவ்வளவு இலகு. அந்த மேலே பொறுக்கிற ஒரு கணம்தான் எனக்கு உயிர் போகிற இடம். தடி தலைக்கு மேல் நிற்கும்போது எனக்குள் யாரோ கதவைத் தட்டுவார்கள். கழகத்துக்கு ஆள் சேருமா, எங்கள் பெடியன் ஒருவன் பேர்ண் கழகத்துக்குத் தாவப் போகிறானாமே, இந்த முறையும் முதல் ஆட்டத்திலேயே வெளியேறினால் என்ன கதை என்று. படார். மாடுகள்.

அந்தக் கவலை சும்மா வந்ததல்ல. போன கோடை முடிந்ததும் எங்கள் பெடியன்கள் என்னைப் பிடித்து உட்காரவைத்துச் சொல்லிவிட்டார்கள். "அண்ணை, நாளுக்கு ஒரு மட்ச் ஆடிப்போட்டு வாறதுக்கு எங்களுக்கு விசரில்லை. அடுத்த முறை கால் இறுதியாவது காணாட்டில் நாங்கள் வேற கழகம் பாப்பம்." பெடியன்கள் போனால் கழகம் இல்லை. கழகம் இல்லாவிட்டால் எனக்கு ஞாயிறு இல்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் பயந்துதான் இருந்தேன்.

யோசனை அந்தத் திடலில்தான் வந்தது. கால் இறுதியில் எட்டு இடம். ஆறு இடத்துக்குப் பெரிய கழகங்கள் தங்களுக்குள் அடிபடட்டும். மிச்ச இரண்டு இடத்தைச் சின்னக் கழகங்களுக்கு என்று ஒதுக்க வேண்டும். சின்னவை நாலு. காலையில் அவை சீட்டு எடுத்து இரண்டு இரண்டாக மோதட்டும். வெல்கிற இருவரும் பெரியவர்களுடன் கால் இறுதியில். பிச்சையில்லை, இது நுழைவுச் சுற்று. கூடவே ஒரு விதியும் வைத்தேன். ஒரு கழகத்தின் உடுப்பைப் போட்டு ஆடியவன் அன்றைக்கு வேறு கழகத்துக்கு ஆடக் கூடாது. போன வருடம் நாங்கள் தோற்று நின்றபோது ஒரு பெரிய கழகம் எங்கள் பெடியன்கள் இருவரை அரை இறுதிக்கு இரவல் வாங்கிப் போனது. அந்தக் கடுப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை.

"சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்றாள் மனைவி. "அவங்கள் தங்கட பாட்டிலை நடத்துறாங்கள். உங்களுக்கு ஏன் உந்த வேலை?"

நான் ஊதத்தான் போனேன். பொதுக்கூட்டம் ஓல்டனில் நடந்தது. அந்த ஊரில் எங்களில் ஒருவருக்கும் விசேஷமாக ஒன்றுமில்லை. எல்லா ரயிலும் அங்கே வந்து சேர்கின்றன, அதனால் எல்லாக் கூட்டமும் அங்கேதான். எங்கள் ஆள் ஒருவரின் சாப்பாட்டுக் கடைப் பின்னறையில், வடையும் தேத்தண்ணியும் வைத்து. நான் நின்றுகொண்டே பேசினேன், உட்கார்ந்தால் எனக்குப் பேச வராது. முடித்ததும் பெரிய கழகமொன்றின் தலைவர் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார்.

"ஆடத் தெரியாதவள் மேடை கோணல் எண்டாளாம். நல்லா விளையாடினால் தானா வரலாம்தானே, அண்ணை."

எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறியது. வாயைத் திறந்திருந்தால் அன்றைக்குக் கூட்டம் கலைந்திருக்கும். அதற்குள் பின்னாலிருந்து ஒருவன் எழுந்தான். டாவோஸ் கழகத்தை நடத்துபவன், என் பழைய கூட்டாளி. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் டாவோஸ் ஹோட்டல் ஒன்றில் நானும் அவனும் ஒரே தொட்டியில் கோப்பை கழுவியவர்கள். நான் ஏரிக்கரைக்கு இறங்கி வந்துவிட்டேன், அவன் மலையிலேயே நின்றுவிட்டான். முதலில் கழகம் தொடங்கியவனும் அவன்தான். நான் அவனைப் பார்த்துத்தான் தொடங்கினேன்.

"எங்கட பெடியள் இருட்டிலை எழும்பி வாறாங்கள்" என்றான். குரலை உயர்த்தவில்லை. "ஒரு மட்ச் ஆடிப்போட்டுத் திரும்பிப் போறதெண்டால் அடுத்த வருசம் எழும்ப மாட்டாங்கள். சொல்லிப்போட்டாங்கள். பிறகு நீங்கள் பெரிய கழகங்கள் உங்களுக்குள்ளையே கப்பைக் குடுத்து வாங்கிக்கொண்டிருங்கோ. எங்களுக்குக் கோவம் இல்லை."

அதன் பிறகு ஒருவரும் பழமொழி சொல்லவில்லை. கை தூக்கச் சொன்னார்கள், தூக்கினார்கள், நிறைவேறியது. தேத்தண்ணி எடுக்கும்போது அவன் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"மச்சான், அந்தக் காலமை மட்சிலை தோக்கிற ரெண்டு சின்னக் கழகத்துக்கும் என்ன செய்யிறது? அவங்களுக்கும் ஒரு மட்ச் தானே."

"முதல்லை கதவைத் திறப்பம். மிச்சத்தை அடுத்த வருசம் பாப்பம்" என்றேன். என் மனம் ஏற்கெனவே கால் இறுதியில் நின்றது.

டாவோசும் இன்டர்லாக்கனும் இரண்டும் உல்லாசப் பயணிகளின் ஊர்கள்தான். ஆனால் டாவோசுக்குப் பனிக்காலம் அறுவடை, எங்களுக்குக் கோடை. சுற்றுப்போட்டியோ ஓகஸ்ட் ஞாயிறு ஒன்றில் வந்தது. ஓகஸ்ட் மாதத்தில் டாவோஸ் ஹோட்டல்காரன் லீவு எடு, எடு என்று தள்ளிவிடுவான். எங்கள் ஊரில் ஓகஸ்ட் ஞாயிற்றில் லீவு கேட்பதும் ஒன்று, வேலையை விடுவதும் ஒன்று. எங்கள் பெடியன்கள் காலை வேலையையும் மதிய வேலையையும் யார் யாரிடமோ மாற்றிக்கொண்டார்கள். பலர் இரவுச் சாப்பாட்டுக்கு நிற்க வேண்டும், அதில் பேச்சுக்கு இடமில்லை. நான் கணக்குப் பார்த்தேன். ஒன்பது மணிக்கு நுழைவுச் சுற்று, பன்னிரண்டுக்குக் கால் இறுதி, இரண்டு மணி ரயில். நிகழ்ச்சி நிரலில் அப்படித்தான் போட்டிருந்தது. எங்கள் ஆட்கள் அச்சடித்த நிகழ்ச்சி நிரலை நம்பியவன் அந்த மைதானத்தில் நான் ஒருவன்தான் என்று பிறகு விளங்கியது.

மைதானம் ஓல்டனுக்கு வெளியே. காலையில் சீட்டுக் குலுக்கினார்கள். எங்களுக்கு வந்தது டாவோஸ்.

சின்னவன் பெரியவனோடு மோத ஒரு வாசல் திறந்தேன் என்று துள்ளிக்கொண்டிருந்தேன், அந்த வாசலில் என் கூட்டாளி நிற்கிறான். இரண்டு பேருக்கும் ஒரே வாசல். அவன் தூரத்தில் நின்று தோளைக் குலுக்கினான். நானும் குலுக்கினேன். வேறென்ன செய்வது?

ஆட்டத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் எங்களைவிட நன்றாக ஆடினார்கள், அதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. கடைசி நேரத்தில் ஒரு மூலை உதை. எங்கள் சலாட் வெட்டுபவன் தலையில் பட்டதோ தோளில் பட்டதோ, பந்து உள்ளே போனது. நான் முழங்காலை மறந்து ஓடினேன். பெடியன்கள் என்னைத் தூக்கினார்கள். அந்த நிமிடத்தில் எனக்கு இருந்த சந்தோஷத்தை நான் மறைக்கப் போவதில்லை. எங்கள் கழகம் முதல் தடவையாகக் கால் இறுதியில். கூட்டாளி வந்து கை தந்தான். "போய் வடிவா விளையாடுங்கோ" என்றான். அவ்வளவுதான்.

பிறகு காத்திருந்தோம். கால் இறுதிக்கு முன் பிரதம விருந்தினர் வந்து பந்தை உதைத்துத் தொடக்கிவைக்க வேண்டுமாம். அவர் நெடுஞ்சாலை நெரிசலில் நின்றார். பன்னிரண்டு போனது. வந்தார். விளக்கேற்றினார்கள். ஒரு நிமிட மௌனம். வரவேற்புரை. பொன்னாடைகள், காசு தந்த கடைக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று, ஒவ்வொன்றுக்கும் படம். நான் நடுவர்களின் மேசைக்குப் போவதும் வருவதுமாக இருந்தேன். "இப்பத் துவங்கிடும் அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ" என்றார்கள். பொறுமையைப் பற்றி எனக்கு எல்லோரும் பாடம் எடுத்த வருடம் அது. மற்றக் கால் இறுதிகள் முதலில், எங்களுடையது கடைசி என்று பிறகு மாற்றினார்கள்.

பெடியன்கள் போனில் ரயில் நேரத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். முதலில் ஒருவன் வந்தான். "அண்ணை, செஃப் விடமாட்டான். கோவிக்காதேங்கோ." பிறகு இன்னொருவன். பிறகு இரண்டு பேர் சேர்ந்து. காலையில் கோல் போட்டவனும் போனான். கோவித்து என்ன செய்வது? அவர்கள் பிழைப்பு. எனக்கு இரண்டு நாள் விடுமுறை, நான் நிற்கலாம். அன்றிரவு வேலை இல்லாத ஏழு பேர் மிஞ்சினார்கள்.

அப்போது கூட்டாளி தன் ஆட்களோடு வந்தான். தோற்றவர்கள் போயிருக்கலாம். அவர்கள் போகவில்லை, எங்கள் ஆட்டத்தைப் பார்க்க நின்றார்கள்.

"நாலு பேரை எடு. ஒரே மாதிரித்தானே ஆடுறாங்கள்."

நான் அவனையும் அழைத்துக்கொண்டு மேசைக்கு ஓடினேன். அங்கே இருந்தவர் அந்த மேடை கோணல்காரர்தான். சிரிக்கவில்லை, குத்திக் காட்டவுமில்லை. அதுதான் இன்னும் சுட்டது. "அண்ணை, ஒரு உடுப்புப் போட்டவன் மற்ற உடுப்புப் போடேலாது. நீங்கள் கொண்டுவந்த விதி. நான் இண்டைக்கு விட்டால் நாளைக்கு எல்லாரும் கேப்பினம்" என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. நான் திரும்பி வந்து எட்டாவது ஆளாக உடுப்பை மாற்றினேன்.

எட்டுப் பேர், அதில் ஒருவன் ஓடக் கூடாதவன். எங்கள் கோல் பக்கத்திலேயே குவிந்து நின்றோம். எல்லைக்கோட்டில் டாவோஸ் பெடியன்கள் வரிசையாக நின்று எங்களுக்காகத் தொண்டை கிழியக் கத்தினார்கள். "அண்ணை, விடாதேங்கோ, அடிச்சு வெளியாலை போடுங்கோ." ஐந்து கோலோ ஆறு கோலோ, நான் எண்ணவில்லை. பெரிய கழகத்துப் பிள்ளைகள் கடைசியில் பாவம் பார்த்துப் பந்தைத் தங்களுக்குள்ளேயே உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

மாலையில் ஓல்டன் ரயில் நிலையத்தில் எல்லோரும் ஒன்றாக நின்றோம். என் ஏழு பேரும் மேற்குப் பக்க ரயிலில் முதலில் போய்விட்டார்கள். நான் கூட்டாளியை அனுப்பிவிட்டுப் போகலாம் என்று நின்றேன். முழங்கால் வீங்கியிருந்தது, ஆனாலும் மேடையின் இந்த நுனிக்கும் அந்த நுனிக்கும் நடந்துகொண்டிருந்தேன். அவனும் கூடவே நடந்தான்.

"மச்சான், ஒண்டு கேக்கட்டோ? கோவிக்காதை."

"கேள்."

"பின்னேரம் உங்களுக்கு ஆக்கள் நிக்காயினம் எண்டு உனக்குத் தெரியும்தானே?"

"பன்ரண்டு மணி எண்டுதானே போட்டவங்கள்."

"எங்கட பெடியள் எல்லாருக்கும் இண்டைக்கு முழுநாள் லீவு. நாளைக்கும் லீவு."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "அப்ப என்ன, நாங்கள் தோத்துத் தந்திருக்கோணுமோ?"

"இல்லையடா. வெண்டது வெண்டதுதான். நான் சும்மா சொன்னனான்."

அவன் சண்டை பிடித்திருந்தால் நானும் பிடித்திருப்பேன், நன்றாக இருந்திருக்கும். அவன் பிடிக்கவில்லை. கொஞ்சத் தூரம் நடந்தோம். சூரிச் ரயில் வருகிறது என்று அறிவித்தார்கள்.

"அடுத்த வருசம் எங்கட பெடியளை உன்ரை கழகத்திலை பதி" என்றான். "ஆவணியிலை உங்களுக்கு ஆள் இல்லை, எங்களுக்கு வேலை இல்லை. அரைவாசிப் பேராவது வருவாங்கள்."

"அப்ப உங்கட கழகம்?"

"பெடியள் உடுப்பைக் கழட்டித் துவைச்சுத் தரட்டோ எண்டு கேட்டாங்கள். வழமையா நான்தானே வாங்கி வைக்கிறனான். வேண்டாம், இனி நீங்களே வைச்சிருங்கோ எண்டிட்டன்."

ரயில் வந்து நின்றது. அவர்கள் அந்த உடுப்போடேயே ஏறினார்கள். கோல் காப்பவன், பின்வரிசை, முன்வரிசை, மாற்று ஆட்கள் மூவர். ஒருவர்கூடக் குறையாத முழு அணி. அவன் கடைசியாக ஏறினான். வழமையாக எங்கள் ஆட்கள் ரயிலேறும்போது வாறன் என்றுதான் சொல்வோம். அவன் போறன் மச்சான் என்றான்.